இயங்க மறுக்கும் கணிப்பொறி

(காட்டாங்குளத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது என்பது கூட்டுறவாளர் அனைவரும் அறிந்த உண்மை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. அந்நாளில் ஒரு சங்கத்துக்கு வேண்டியிருந்தவை ஒரு பேரேடு, ஒரு ரொக்கப் புத்தகம், நாணயமான ஒரு காரியதரிசி, அவ்வளவே. இன்றோ பேரேட்டின் இடத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்திருக்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறியின் கீழ்க் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத்தக்க மாறுதல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்தியும் அந்தப் பெட்டி எழுந்திருக்க மறுத்தால் சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதை நம்மில் பலர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நமது வட்டாரத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் கணிப்பொறி பதினொரு நாட்களாக இயங்கவில்லை. அது சுமார் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட பழைய மேஜைக் கணிப்பொறி. பழுது பார்ப்பவர் ஒருவர் தொலைபேசியிலேயே விவரம் கேட்டு, "மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குவதே நல்லது" என்று தீர்ப்புக் கூறிவிட்டாராம். நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவிட அனுமதி கோரும் குறிப்பு ஒன்று தயாராகி, நமது கையெழுத்தை எதிர்நோக்கி மேஜைமீது இருந்தது.

திண்ணையில் ஒரு முதிய விவசாயி உட்கார்ந்திருந்தார். நகைக் கடனைத் தீர்த்து நகையை மீட்டுச் செல்ல அன்று மூன்றாம் முறையாக வந்திருந்தார். வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். "இயந்திரம் ஓடவில்லை, வட்டி போட முடியாது, நாளை வாருங்கள்" என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, பணம் என் மடியில் இருக்கிறது. நகை உங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. நடுவில் நின்று தடுப்பது எது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் வணிகவியல் பட்டதாரி, பொறியியல் படித்தவரல்லர். ஆயினும் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று குமாஸ்தாவைக் கேட்டோம். பொத்தானைப் பல தடவை அழுத்திப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "மோட்டார் ஓடவில்லையென்றால் நாங்கள் முதலில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் பீஸ். அப்புறம் ஸ்டார்ட்டர். கிணற்றில் இறங்குவது கடைசியில்தான். இதற்கு அப்படி ஒரு முறை கிடையாதா?" என்றார்.

உண்டு. அதே முறைதான். பழுது கண்டுபிடிப்பது மின்சாரம் புகும் இடத்தில் தொடங்கி, அது செல்லும் வழியே ஒவ்வொரு படியாகச் சென்று, எந்தப் படியில் நின்றுபோயிற்று என்று காண்பதேயாகும். நாள்வழிக் கணக்கில் பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் நாம் ஏட்டைக் கிழித்தெறிவதில்லை. முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறோம். இதுவும் அத்தகையதே.

நெசவாளத் தோழர்களுக்கு இம்முறை இன்னும் நெருக்கமானது. 1804-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் பெட்டியை அமைத்தார். அதே துளையட்டை வழியைத் தழுவியே 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு ஹாலரித் என்பவரின் இயந்திரங்களால் எண்ணப்பட்டது. கணிப்பொறியின் முன்னோரில் ஒன்று தறி. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டுப் பெட்டியின் கீழ் நெய்கிறவர், புட்டா ஓரிடத்தில் தவறி விழுந்தால் தறியை விற்றுவிடுவதில்லை. அட்டையில் துளை சரியா, ஊசி எழுகிறதா, கொக்கி தூக்குகிறதா, இழை அறுந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். அந்தப் பொறுமையைச் சங்க அலுவலகத்துக்குள் கொண்டு வந்தால் போதும்.

படிகள் நான்கு

முதற்படி, மின்சாரம். சுவரிலுள்ள துளைப்பெட்டியில் ஒரு மேஜை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு யு.பி.எஸ். பெட்டி. அதனுள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அது சீர்கெட்டால் கணிப்பொறி நன்றாக இருந்தும் எழாது. யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேரே சுவரில் செருகிப் பார்த்தால் இது விளங்கிவிடும். கணிப்பொறியின் முதுகுப்புறத்தில் மின்கம்பி நுழையும் இடத்தருகே பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சிறு சுவிட்சும் இருக்கிறது. பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்துபோய், அதற்காக வாடகை வண்டி வைத்துக் கணிப்பொறியை நகரத்துக்கு எடுத்துச் சென்ற சங்கத்தையும் நாம் அறிவோம்.

இரண்டாம் படி, பெட்டி முற்றிலும் மௌனமாக இருக்கிறதா, விசிறி சுழல்கிறதா என்று கவனிப்பது. மின்சாரம் வந்தும் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் குற்றம் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியில் இருக்கும். சிறுபான்மை பொத்தானில் இருக்கும். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து உள்ளே பங்கிட்டுக் கொடுப்பது இந்த மின்வழங்கி. நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது; செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருந்து தாக்கக்கூடும்.

மூன்றாம் படி, விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றுமில்லை என்னும் நிலை. பலரும் "மதர்போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டுவது இங்கேதான். அவசரம் வேண்டாம். மானிட்டருக்குத் தனி மின்சாரம் வருகிறதா, படம் கொண்டு வரும் கம்பி இருபுறமும் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அச்சு இயந்திரம், பென் டிரைவ் முதலியவற்றை எல்லாம் கழற்றிவிட்டு, விசைப்பலகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முயல வேண்டும். கணிப்பொறி "பீப், பீப்" என்று ஒலித்தால் எத்தனை ஒலி, நெடிதா குறுகியதா என்று எழுதிக்கொள்ள வேண்டும். பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப அவ்வொலிகளின் பொருள் மாறுமாதலால் அந்தப் பலகையின் கையேட்டோடு ஒப்பிட்டே அறிய முடியும்.

இவ்வளவும் பார்த்தபின் பெட்டியைத் திறக்கலாம். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்கி, பெட்டியின் வெற்று உலோகத்தைக் கையால் தொட்டுக்கொண்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ராம் என்னும் நினைவகப் பலகை ஒரு சாண் நீளமும் இல்லாத மெல்லிய துண்டு. அதன் அடியில் பொன்னிறப் பற்கள் இருக்கின்றன. ஈரக்காற்றாலும் தூசியாலும் அப்பற்களில் மாசு படிந்தால் மின்தொடர்பு அறுந்து திரை இருண்டுவிடும். இருபுறத்துப் பிடிகளையும் விலக்கி, பலகையை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அப்பற்களை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, "டக்" என்ற ஓசை கேட்கும் வரையில் மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்று நாம் பார்த்த சங்கத்தில் கோளாறு இங்கேதான் இருந்தது. கணிப்பொறி வைத்திருந்த அறைக்கும் உர மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்குக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவரே இருந்தது. அதுவும் கூரையைத் தொடவில்லை. உரத்தின் உப்பு ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்க வல்லது என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளர் சங்கங்களிலோ பஞ்சுத் தூசி விசிறியில் சுற்றி அடைத்துக்கொள்கிறது. சூடு தாங்காமல் இயந்திரம் எழுந்த சில விநாடிகளில் தானே அணைந்துவிடுகிறது. உலர்ந்த தூரிகையால் மாதமொரு முறை துடைத்தால் போதும். அதற்கும் நாதியில்லாமல் இயந்திரங்கள் சாகின்றன.

நான்காம் படி, திரையில் எழுத்து வந்து, ஏதோ ஆங்கில வாசகத்தோடு நின்றுவிடும் நிலை. அதை அப்படியே எழுதிக்கொள்வது, அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது முதற் கடமை. செருகி மறந்துபோன பென் டிரைவ் ஒன்றே காரணமாக இருப்பதுண்டு. ஹார்ட் டிஸ்க்கின் கம்பி தளர்ந்திருப்பதும் உண்டு. ஆனால் டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று தட்டும் ஓசை கேட்குமானால் உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, மிஞ்சியிருக்கும் கணக்கையும் நாமே அழிப்பதாகும்.

எழுந்ததும் கவலை தீர்ந்ததா?

ராம் பலகையைத் துடைத்துப் பொருத்தியதும் அன்று திரை ஒளிர்ந்தது. கூடியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள்; அனுமதிக் குறிப்பு மேஜையிலிருந்து மறைந்தது. குமாஸ்தா பெரியவரின் கடனுக்கு வட்டி போடத் தொடங்கினார். தொகை நம்பமுடியாதபடி இருந்தது. பார்த்தால், கணிப்பொறி காட்டிய தேதி பல ஆண்டுகளுக்கு முந்தியது. கடன் வாங்கிய நாளுக்கும் முந்தியது!

மதர்போர்டின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தையொத்த சிறு மின்கலம் இருக்கிறது. சி.ஆர். 2032 என்று அதன்மேல் பொறித்திருக்கும். 3 வோல்ட் ஆற்றலுடையது. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் நாளையும் நேரத்தையும் காத்து வருவது அதுவே. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். பழைய இயந்திரம் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தால் தேதி அழிந்து, தொழிற்சாலையில் இட்ட பழைய தேதிக்குத் திரும்பிவிடும். மாற்றுவதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. மாற்றாவிட்டால் வட்டியும் தவணையும் தவறும். இணையத்திலுள்ள வங்கிப் பக்கங்களும் சான்றிதழின் தேதி ஒவ்வாமல் திறக்க மறுக்கும்.

இங்கே நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இயங்காத கணிப்பொறி சங்கத்துக்குச் சிரமம் தருவது; தவறாக இயங்கும் கணிப்பொறி சங்கத்துக்குக் கேடு தருவது. முன்னது அங்கத்தினரைக் காக்க வைக்கும். பின்னது அவர் அறியாமலே அவர் பணத்தை எடுத்துவிடும். எழுந்ததும் தேதியைப் பார், இரண்டு கணக்குகளைக் கையால் போட்டு ஒப்பிட்டுப் பார், அதன்பின் ரசீது கொடு. இதுவே விதியாக இருக்கட்டும்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. பெரியவரின் கைச்சீட்டில் அசல், கடன் வாங்கிய நாள், வட்டி விகிதம் மூன்றும் தெளிவாக எழுதியிருந்தன. பத்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தில் போடக்கூடிய கணக்கு அது. கையால் ரசீது எழுதி, தனிப் பதிவேட்டில் குறித்து, இயந்திரம் எழுந்தபின் பதிந்துகொண்டிருக்கலாம். பதினொரு நாளும் அது யாருக்கும் தோன்றவில்லை. நின்றுபோனது கணிப்பொறி மட்டுமன்று. அதை நம்பி நமது கையும் நின்றுபோயிருந்தது.

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கின் நகல் எங்கே என்று அன்று கேட்டபோது, அது அதே கணிப்பொறியில் வேறொரு பெயரில் இருப்பதாகக் காட்டினார்கள். நெல்லையும் விதைநெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதற்கு முந்திய ஆய்வறிக்கையைப் புரட்டினோம். "நகல் முறையாக எடுக்கப்படுகிறது" என்று நாமே எழுதிக் கையெழுத்திட்டிருந்தோம். நகலைக் கண்ணால் பாராமலே எழுதியிருந்தோம். அன்று ராம் பலகைக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் கெட்டிருந்தால் அச்சங்கத்தின் பல வருஷக் கணக்கு போயிருக்கும், அதற்குச் சாட்சியாக நமது கையெழுத்து நின்றிருக்கும்.

சிலர் கூறும் ஆட்சேபம்

"நாங்கள் கணக்கு எழுத வந்தவர்கள், இயந்திரம் பார்ப்பது எங்கள் வேலையா?" என்று சில ஊழிய நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. தாய்ப்பலகையில் பற்றவைக்கவோ மின்வழங்கியைப் பிரிக்கவோ நாம் சொல்லவில்லை. அப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தால், அது தேர்ந்த கைகளுக்குரிய வேலை. 2000-ஆம் ஆண்டை அடுத்த சில வருஷங்களில் தயாரான பலகைகளில் அவ்வுருளைகள் பெருவாரியாகக் கெட்டன என்பது உலகறிந்த செய்தி. ஆனால் வைத்தியரிடம் செல்வதற்கு முன் காய்ச்சல் எத்தனை நாளாய் என்று சொல்லத் தெரிய வேண்டாமா? எந்தப் படியில் நின்றது என்று சொல்லத் தெரிந்த வாடிக்கைக்காரரிடம் யாரும் வேண்டாத பாகத்தை விற்க முடியாது. ரிச்சி தெருவில் பழைய ராம் பலகையும் மின்வழங்கியும் தனித்தனியே கிடைக்கின்றன. எது வேண்டும் என்று தெரிந்தவருக்கே அத்தெரு பயன்படும்.

"பழைய பெட்டியைக் கட்டி மாரடிப்பானேன்?" என்பது மற்றோர் ஆட்சேபம். பழையது என்பதற்காக எதையும் காப்பாற்ற வேண்டுமென்பது நமது கட்சியன்று. விண்டோஸ் 10-க்கு அதன் தயாரிப்பாளர் அளித்து வந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கமாட்டா. அங்கத்தினர் பணம் புழங்கும் இயந்திரத்துக்கு இது போதிய காரணமே. அவ்வாறு ஓய்வு கொடுப்பதானால் காரணம் கண்டு, கணக்கை வேறிடம் மாற்றி, டிஸ்க்கைத் துடைத்தபின் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டுமேயன்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாகாது. அறிந்து விடை கொடுப்பது நிர்வாகம். அறியாமல் தூக்கியெறிவது விரயம்.

செய்ய வேண்டியவை

1947 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறி தவறியபோது, அதன் உள்ளே ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அங்கிருந்தவர்கள் அப்பூச்சியை எடுத்து, இயந்திரத்தின் நாட்குறிப்பிலேயே ஒட்டி, கண்ட நேரத்தையும் குறித்து வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கண்டதைக் கண்டவுடன் எழுதி வைக்கும் பழக்கமே இதில் நாம் கற்க வேண்டியது.

ஒவ்வொரு சங்கமும் கணிப்பொறிக்கென ஒரு சிறு நோட்டு வைக்கட்டும். என்று வாங்கியது, என்று துடைத்தது, என்று மின்கலம் மாற்றியது, என்ன கோளாறு, என்ன செய்தது என்பவை அதில் ஏறட்டும். அடுத்த குமாஸ்தாவுக்கு அதுவே ஆசிரியர். வெள்ளிக்கிழமைதோறும் கணக்கின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்துக் கட்டிடத்துக்கு வெளியே ஓரிடத்தில் வைக்கட்டும். மாதம் ஒருமுறை அந்நகலை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்கட்டும். திறந்து பாராத நகல் நகலாகாது. மாத இறுதியில் அங்கத்தினர்வாரி நிலுவைப் பட்டியலை அச்சிட்டுக் கோப்பில் கட்டட்டும்.

பெட்டியைத் தரையில் வைக்கலாகாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததை நமது பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளில் புகுந்த வெள்ளம் சங்கத்துக்குள் புகாதென்று யார் சொல்ல முடியும்? நனைந்த கணிப்பொறியை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கி, டிஸ்க்கைத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

பெரியவர் அன்று மாலை நகையோடு வீடு சென்றார். வட்டியை நாம் காகிதத்தில் போட்டோம். தேதி திருத்திய கணிப்பொறியும் அதே தொகையைக் காட்டியது. வீண் அலைச்சல் நாட்களின் வட்டி அவர் கணக்கில் ஏறாதிருக்க வழிவகை காணுமாறு அறிக்கையில் எழுதினோம். விடை பெறும்போது அவர், "மோட்டாரைவிட இது சின்ன வேலைதான் போலிருக்கிறதே" என்றார்.

சின்ன வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால் வரும் நஷ்டம் சின்னதன்று. கணிப்பொறி சங்கத்தின் உடைமை. சங்கம் அங்கத்தினரின் உடைமை. அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்தப் பெட்டி நாளைக் காலை எழுந்திருக்காவிட்டால் என் கணக்கு எங்கே இருக்கிறது?" அதற்கு உடனே விடை சொல்லத் தெரிந்த சங்கமே நன்கு நடக்கும் சங்கம். நாமும் இனி நகலைத் திறந்து பார்த்த பிறகே கையெழுத்திடுவோம்.